வௌவால், குரங்கு, அணில்: ஒரு காட்டு அவரைக் கொடியின் பூவைத் திறப்பவர்கள்

அவரைக் குடும்பத்துப் பூவின் அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். சமையலுக்கு அகத்திப்பூ ஆய்ந்தவர்கள் அதன் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பார்த்திருப்பார்கள். மேலே, கம்பத்தில் ஏற்றிய கொடியைப் போல நிமிர்ந்து விரிவது கொடி இதழ். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறகு இதழ்கள். அடியில் இரண்டு இதழ்கள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து படகு இதழாகக் குவிந்திருக்கும். பத்து மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் அந்தப் படகுக்குள் மறைந்திருக்கும். தேன் பூவின் அடியாழத்தில் இருக்கும். அதை எடுக்க வரும் பூச்சி சிறகு இதழின் மேல் உட்கார்ந்து தலையை நுழைக்கும். அதன் எடையில் படகு கீழே இறங்கும். மகரந்தம் உடம்பில் ஒட்டும். பூச்சி கிளம்பியதும் படகு பழையபடி மேலே வந்துவிடும். இந்தக் குடும்பத்தின் பெரும்பாலான பூக்களில் ஏறக்குறைய இதுதான் ஏற்பாடு.

சில செடிகளில் மட்டும் இது ஒரே ஒரு முறை, வேகத்தோடு நடக்கும். படகுக்குள் மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் இறுக்கமாக வளைத்து வைக்கப்பட்டிருக்கும். சரியான இடத்தில் சரியான அழுத்தம் விழுந்தால் படகு பிளக்கும், உள்ளே இருப்பவை சட்டென்று வெளியே அடிக்கும், மகரந்தம் முழுதும் ஒரே வீச்சில் போய்விடும். மாட்டுத் தீவனமாக நாம் வளர்க்கும் குதிரைமசாலில் இது உண்டு. தேனீக்களுக்கு அந்த அடி பிடிப்பதில்லை. கொஞ்ச நாளில் பூவின் பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனை மட்டும் எடுத்துப்போகக் கற்றுக்கொண்டுவிடும். பூ திறக்காமலே கிடக்கும், விதை பிடிக்காது. அதனால்தான் வட அமெரிக்காவில் குதிரைமசால் விதை உற்பத்திக்கென்றே இலைவெட்டித் தேனீக்களைத் தனியாக வளர்க்கிறார்கள். அவை அடியைப் பொருட்படுத்தாமல் பூவைத் திறந்துவிடும்.

குதிரைமசால் பூ ஒரு சென்டிமீட்டர் அளவு. இதே இயக்கம் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமான, தடித்த, விறைப்பான ஒரு பூவில் இருந்தால் யார் திறப்பது? தேனீயால் முடியாது. பெரிய கருவண்டாலும் முடியாது. இந்தக் கட்டுரை அப்படி ஒரு பூவையும் அதை நாடு நாடாகப் பின்தொடர்ந்த ஆய்வையும் பற்றியது.

கொடியின் பெயர் மியூகுனா மேக்ரோகார்ப்பா. நம் வேலியோரங்களில் படரும் பூனைக்காலியின் பேரினத்தைச் சேர்ந்தது. காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரித்துத் தள்ளுமே, அதே பூனைக்காலிதான். ஆனால் பூனைக்காலி ஒரு மழைக்காலத்துக் கொடி. மேக்ரோகார்ப்பா மரமாக முற்றும் பெருங்கொடி. 70 மீட்டர் வரை நீளும். கிழக்கு இமயமலை, வடகிழக்கு இந்தியா தொடங்கி மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், தென்சீனா, தைவான், ஜப்பானின் ரியூக்கியூ தீவுகள் வழியாகக் கியூஷூ வரை இதன் பரப்பு. ஜப்பானில் இதை இருகன்டா என்கிறார்கள். சுருக்கமாக இருப்பதால் இங்கும் அப்படியே சொல்கிறேன்.

பூவின் அமைப்பு

இருகன்டா பூக்கள் இளங்கிளையின் நுனியில் வருவதில்லை. முற்றிய, மரத்துப்போன தண்டிலிருந்து நேராகக் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. இலைக்கூட்டத்துக்குக் கீழே, நிழலில், தடங்கல் இல்லாத இடத்தில். கொடி இதழ் வெளிர்பச்சை. சிறகு இதழ்கள் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. கண்ணைப் பறிக்கும் நிறம் இல்லை. வாடையும் மல்லிகை மாதிரி இனியதில்லை. கொஞ்சம் கனத்த, புளித்த வாடை. தேன் ஏராளம்.

தாவரவியல் படித்தவர்களிடம் இந்த விவரங்களைச் சொன்னால் உடனே 'வௌவால் பூ' என்பார்கள். மங்கிய நிறம், கனத்த வாடை, நிறையத் தேன், இலைகளுக்கு வெளியே தொங்கும் கொத்து, எல்லாம் வௌவாலுக்கான அடையாளங்களாகப் பாடப் புத்தகங்களில் வருபவை. இந்தக் கருத்துக்கு மியூகுனா பேரினத்தோடு பழைய தொடர்பு உண்டு. டச்சுத் தாவரவியலாளர் வான் டெர் பைல் ஜாவாவில் பணிசெய்தபோது, நீண்ட காம்பில் தொங்கும் பூக்களும் தண்டில் நேராகப் பூக்கும் பூக்களும் வௌவாலுக்காக அமைந்தவை என்று 1941இல் எழுதினார். அவர் முன்வைத்த முக்கியச் சான்றே மியூகுனா கொடிகள்தான். சிறகு விரித்துப் பறக்கும் பெரிய விலங்குக்கு இலைகளும் குச்சிகளும் குறுக்கே வரக்கூடாது. அதனால் பூ வெளியே தொங்குகிறது. நல்ல விளக்கம். ஆனால் இருகன்டாவின் கதை அதோடு முடியவில்லை.

திறக்கும் முறையை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீதி எல்லாம் அதைப் பொறுத்தது. திறக்காத பூவில் கொடி இதழ் சிறகு இதழ்களின் மேல் படிந்திருக்கும். சிறகு இதழ்களைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொடி இதழை மேலே தள்ள வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்க வேண்டும், அதுவும் ஓரளவு பலத்தோடு. அப்போது படகு இதழின் மேல்விளிம்பு பிரிகிறது; மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் மேல்நோக்கி எகிறுகின்றன; அந்த விலங்கின் முகத்திலோ கழுத்தடியிலோ மகரந்தம் அப்பிக்கொள்கிறது. திறந்த பூ மறுபடி மூடுவதில்லை. அடுத்த பூவைத் திறக்கும்போது, எகிறி வரும் சூல்முடி, அதாவது சூல்தண்டின் நுனி, அதே முகத்தில் பட்டு முந்தைய பூவின் மகரந்தத்தை வாங்கிக்கொள்கிறது.

யாரும் திறக்காத பூ காய்ப்பதில்லை. தானே திறந்துகொள்ளும் வழி அதற்கு இல்லை. சில நாள் காத்திருந்து உதிர்ந்துவிடும். இத்தனை கடுமையான நிபந்தனையை ஒரு செடி ஏன் வைத்துக்கொள்கிறது என்று கேட்கத் தோன்றும். எறும்பும் ஈயும் சின்னத் தேனீயும் மகரந்தத்தை வீணடிக்க முடியாது என்பது ஒரு ஆதாயம். ஒரே நாளில் பல மரங்களைக் கடந்து போகும் பெரிய விலங்கின் மேல் மொத்த மகரந்தத்தையும் ஏற்றிவிடலாம் என்பது இன்னொன்று. நிபந்தனைக்கு விலை உண்டு: திறப்பவர் வராவிட்டால் அந்த ஆண்டு காய் இல்லை.

பூ திறந்த பிறகு பூச்சிகளுக்கும் வேலை இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத்தை எடுக்கத் தேனீக்கள் வருகின்றன. அவை சூல்முடியைத் தொட்டுப் போனால் அதுவும் மகரந்தச் சேர்க்கைதான். ஆனால் அவை இரண்டாம் வரிசை ஆட்கள். முதல் ஆள் வந்து திறந்தால்தான் அவற்றுக்கு வேலை.

ஒக்கினாவா

ரியூக்கியூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷுன் கொபயாஷி, மசாகோ இசாவா, தெத்சுவோ தெண்டா ஆகியோரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இந்தக் கொடியை நாடு நாடாகப் பின்தொடர்ந்தவர்கள். தொடக்கம் ரியூக்கியூ தீவுகளில் ஒன்றான ஒக்கினாவா. அங்கே காட்டில் குரங்கு கிடையாது, அணிலும் கிடையாது. மரத்தில் ஏறி இறங்கும் பெரிய பாலூட்டி என்று பார்த்தால் பழந்தின்னி வௌவால்தான்: ரியூக்கியூ பழந்தின்னி வௌவாலின் ஒக்கினாவா உள்ளினம். எடை அரைக்கிலோ அளவில் இருக்கும். நம் ஊர் ஆலமரத்திலும் மருதமரத்திலும் தொங்குகிற பழந்தின்னி வௌவாலின் சொந்தம்.

2012இல் வெளியான அவர்களின் ஆய்வு, இந்த வௌவால் இருகன்டா பூவில் என்ன செய்கிறது என்பதை நேரில் பார்த்துப் பதிவு செய்தது. வௌவால் கொத்தைப் பற்றித் தொங்கிக்கொண்டு, முகத்தைப் பூவுக்குள் அழுத்துகிறது. கொடி இதழ் மேலேறுகிறது, பூ வெடித்துத் திறக்கிறது, வௌவால் தேனை நக்குகிறது, அடுத்த பூவுக்குப் போகிறது. பூவைக் கடித்துத் துப்புவதில்லை.

இந்த வௌவாலுக்கு எதிரொலி கேட்டு வழி தேடும் பழக்கம் இல்லை. பெரிய கண்ணும் கூர்மையான மோப்பமும்தான் அதன் துணை. கனத்த வாடையும், இருட்டில் ஓரளவு தெரியும் வெளிர்பச்சைக் கொடி இதழும் அதற்குப் போதும். சரி, இங்கே எல்லாம் பாடப் புத்தகம் சொன்னபடியே இருக்கிறது. வௌவால் பூ, வௌவால் திறக்கிறது. ஒக்கினாவாவோடு நிறுத்தியிருந்தால் இதை வௌவாலுக்காகவே உருவான கொடி என்று எழுதி முடித்திருப்பார்கள்.

கியூஷூ: வௌவால் வராத மலை

இருகன்டாவின் வடக்கு எல்லை கியூஷூ தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஓயித்தா மாகாணம், சாயிக்கி நகரத்தைச் சேர்ந்த கமாயே என்ற கடலோரப் பகுதி. ரியூக்கியூ தீவுகளிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் இடம் இது. பழந்தின்னி வௌவால் இங்கே இல்லை. ஆனால் கொடி இருக்கிறது, பூக்கிறது, காய்க்கவும் செய்கிறது. காய் என்றால் சின்னக் காய் இல்லை: மரக்கட்டை போல இறுகிய, 45 சென்டிமீட்டர் வரை நீளும் காய். காய் இருக்கிறது என்றால் யாரோ பூவைத் திறந்திருக்க வேண்டும்.

கொத்துகளுக்கு எதிரே தானியங்கி வீடியோ கேமராக்களைக் கட்டிவைத்துப் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவு எனக்கு இந்த ஆய்வு முழுவதிலும் மிகப் பிடித்த பகுதி. திறந்தது ஜப்பானியக் குரங்கு. பனியிலும் வெந்நீர் ஊற்றிலும் உட்கார்ந்திருக்கும் படங்களில் நாம் பார்க்கும் அதே சிவந்த முகக் குரங்கு. குரங்கு பூவைக் கையால் பிடித்து இதழ்களைப் பிரிக்கிறது, வாயை வைத்துத் தேனை நக்குகிறது, பூவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. முகத்தில் மகரந்தம். குரங்கு என்றால் பூவைப் பிய்த்துத் தின்னும் விலங்கு என்றுதான் எண்ணியிருந்தோம். பல மரங்களில் அது அப்படித்தான் செய்கிறது. இங்கே பூவைக் காப்பாற்றிவிட்டுத் தேனை மட்டும் எடுக்கிறது. அதற்கு நல்லெண்ணம் காரணம் இல்லை. அந்தத் தடித்த பூவில் தின்னத் தகுந்தது தேன்தான், அதை எடுக்க எளிய வழி திறப்பதுதான்.

இன்னொரு விலங்கும் கமாயேவில் பூவைத் திறந்தது: ஜப்பானிய மார்ட்டென். கீரியின் சாயலுள்ள, மரமேறும் ஊனுண்ணி. பழமும் விரும்பித் தின்னும். அதன் உடம்பு எடை குரங்கின் எடையில் மிகச் சிறு பங்கு. ஆனாலும் முன்னங்காலால் பற்றி மூக்கால் தள்ளும் அளவுக்குப் பலம் இருக்கிறது.

பறக்காத பாலூட்டிகள் மகரந்தச் சேர்க்கை செய்யும் என்பது புதிய செய்தி அல்ல. மடகாஸ்கரில் நம் பூங்காக்களில் அழகுக்கு வைக்கும் விசிறி வாழையின் பூமடல்களை லெமூர்கள் கையால் பிரித்துத் தேன் குடிக்கின்றன. அந்த மரத்தின் சேர்க்கைக்கு அவையே பொறுப்பு. ஆனால் லெமூர் அங்கே அந்த மரத்தோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த விலங்கு. இருகன்டாவிலோ, தெற்கே வௌவால் செய்யும் அதே வேலையை வடக்கே குரங்கு செய்கிறது, பூவில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமலே.

தைவானும் அதற்குத் தெற்கேயும்

தைவானின் முதன்மைத் தீவில் பழந்தின்னி வௌவால் மிக அரிது. கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள பசுமைத் தீவில் ரியூக்கியூ பழந்தின்னியின் ஒரு உள்ளினம் வாழ்ந்துவந்தது, அதுவும் வேட்டையால் மிகவும் குறைந்துபோனது. தைவானில் குரங்கு உண்டு. எனவே குரங்கு திறக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் 2017இல் வந்த ஆய்வில் முதன்மைத் திறப்பாளராக இருந்தது செவ்வயிற்று அணில்.

நம் முற்றத்தில் ஓடும் மூன்றுவரி அணிலைவிட இது இரண்டு மூன்று மடங்கு பெரியது; முந்நூறு, நானூறு கிராம் இருக்கும். கொடித்தண்டில் தலைகீழாகத் தொங்கி, முன்னங்கைகளால் சிறகு இதழ்களைப் பிடித்து, மூக்கால் கொடி இதழை மேலே தள்ளுகிறது. வௌவால் முகத்தால் மட்டும் செய்வதை, குரங்கு கையால் செய்வதை, அணில் இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. தாய்லாந்திலும் அணில்களே திறப்பவர்களாகப் பதிவாயின. அந்த முடிவுகள் 2019இல் வெளியாயின.

இந்தப் பேரினத்தின் மற்ற கொடிகளைப் பார்த்தால் பட்டியல் இன்னும் நீள்கிறது. ஹாங்காங்கில் வெள்ளைப் பூக்கும் மியூகுனா பேர்ட்வுட்டியானாவை நம் ஊர் மரநாயின் உறவான ஒரு புனுகுப்பூனை இரவில் திறக்கிறது. அதே ஹாங்காங்கில் மியூகுனா சாம்பியோனியை காட்டு எலியும் சிறிய பழந்தின்னி வௌவாலும் திறக்கின்றன. பிரேசிலின் அட்லாண்டிக் கரைக்காட்டில் காசிக் என்ற பறவை அலகால் திறக்கும் மியூகுனா ஒன்று உண்டு. ஒரே மாதிரியான வெடிக்கும் பூ. திறப்பவர்கள் மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

இருகன்டாவைப் பொறுத்தவரை என் முடிவு இது. இந்தக் கொடி எந்த ஒரு விலங்கையும் நம்பி இல்லை. ஒரு செயலை நம்பி இருக்கிறது. அழுத்திப் பிடிக்க ஒன்று, தள்ள ஒன்று, போதுமான பலம், தேன் மேல் ஆசை. இவை நான்கும் உள்ள எந்த விலங்கும் அதற்குச் சரி. பரந்த நிலப்பரப்பில் இந்தக் கொடி பரவியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்றே எண்ணுகிறேன். பகலில் நடமாடும் அணிலும் குரங்கும், இரவில் நடமாடும் வௌவாலும் மார்ட்டெனும் ஒரே பூவுக்கு வர முடிகிறது, ஏனென்றால் திறக்காத பூ பகலிலும் இரவிலும் காத்திருக்கிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் இந்தக் கொடிக்கு ஆபத்தே இல்லை, ஒருவர் போனால் இன்னொருவர் வருவார் என்று நினைத்தால் அது தவறு. வரைபடத்தைப் பெரிதாக விரித்துப் பார்த்தால் திறப்பவர்கள் நிறைய. ஒரே ஒரு மலைச்சரிவில் நின்று பார்த்தால் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஒக்கினாவாவில் வௌவால் இல்லாமல் போனால் தைவான் அணில் கடல் தாண்டி வரப்போவதில்லை.

ஒரே விருந்தாளிக்காக அமைந்த பூ: கோஸ்டாரிகா

இருகன்டாவின் போக்கைப் புரிந்துகொள்ள, நேர் எதிர்த்திசையில் போன அதன் உறவுக் கொடி ஒன்றைப் பார்க்க வேண்டும். மத்திய அமெரிக்காவின் மியூகுனா ஹோல்ட்டோனி. கோஸ்டாரிகாவின் கரீபியன் தாழ்நிலத்தில் உள்ள லா செல்வா ஆய்வு நிலையத்தில், ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்மர், ஓட்டோ வான் ஹெல்வெர்சன் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். 1999இல் நேச்சர் இதழில் வந்த அவர்களின் இரண்டு பக்கக் கட்டுரை, தாவரங்களைப் பற்றி நாம் யோசிக்கும் விதத்தையே கொஞ்சம் மாற்றியது.

அங்கே வருவது பத்து கிராம்கூடத் தேறாத தேன்குடி வௌவால். ஆசியப் பழந்தின்னியைப் போல இல்லாமல், இது எதிரொலி கேட்டுப் பறப்பது. அடர்ந்த காட்டில் இலை, கிளை, கொடி எல்லாவற்றிலிருந்தும் எதிரொலி திரும்பி வரும். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்னப் பூவை எப்படிப் பிரித்துக் கேட்பது?

பூ திறக்கத் தயாரானதும் அதன் கொடி இதழ் நிமிர்ந்து எழுகிறது. அதன் உட்பக்கம் சின்னக் குழிவான ஆடியைப் போல இருக்கிறது. வௌவாலின் ஒலி எந்தக் கோணத்திலிருந்து வந்தாலும், பெரும்பகுதியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. வௌவால் பறந்து நகர நகர மற்ற எதிரொலிகள் எல்லாம் கூடிக் குறைந்து மாறுகின்றன. இந்த ஒன்று மட்டும் மாறாமல் பலமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதைச் சோதிக்க அவர்கள் செய்தது மிக எளிமையானது. சில பூக்களில் கொடி இதழை வெட்டி எடுத்தார்கள். வேறு சிலவற்றில் இதழை அப்படியே விட்டு, குழிவில் பஞ்சை அடைத்தார்கள். பஞ்சு வாடையையோ தேனையோ மாற்றாது. குழிவின் வடிவத்தை மட்டும் எதிரொலியிலிருந்து மறைத்துவிடும். இயல்பான பூக்களில் பெரும்பாலானவை வௌவாலால் திறக்கப்பட்டன. மாற்றப்பட்ட இரண்டு வகையிலும் திறந்தவை கொஞ்சம்தான். பஞ்சை அடைத்துப் பார்த்த யோசனையை எத்தனை பாராட்டினாலும் தகும். வெட்டி எடுத்தது மட்டும் என்றால், காயம் பட்ட பூவின் வாடை மாறியிருக்கலாம் என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

திறக்கும் விதமும் இங்கே ஒரே உடம்புக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. வௌவால் பூவில் வந்து பற்றிக்கொண்டு, சிறகு இதழ்களின் நடுவே உள்ள இடுக்கில் மூக்கை நுழைக்கிறது. படகு வெடித்து மகரந்தம் அதன் பின்னிடுப்பில் வீசப்படுகிறது. முதல் வருகையில் நிறையத் தேன். திறந்துவிட்ட பூவில் பிறகு வருபவருக்குக் கொஞ்சம்தான். அதனால் திறக்காத பூவைத் தேடிப் பிடிப்பது வௌவாலுக்கும் லாபம். தனக்குத் தேவையானதும் அதுவே என்பதால், அந்தத் தேடலை எளிதாக்க ஒலியில் ஓர் அடையாளத்தைக் கொடி வைத்திருக்கிறது.

ஒரே பேரினம், ஒரே வெடிக்கும் இயக்கம். ஹோல்ட்டோனி ஒரு விதமான வௌவாலின் காதுக்கு ஏற்றபடி இதழை வடித்துக்கொண்டது. இருகன்டாவோ கை, மூக்கு, முகம் எது வந்தாலும் திறக்கும்படி இருந்துகொண்டது. இரண்டில் எது சிறந்த வழி என்று கேட்பதில் பொருள் இல்லை. முன்னதற்குத் தேவை குறிப்பிட்ட விருந்தாளி. பின்னதற்குத் தேவை காட்டில் நடுத்தர அளவுள்ள, மரமேறும் ஏதாவது ஒரு பாலூட்டி மிச்சம் இருப்பது.

திறப்பவர்கள் எல்லோருமே 'தொல்லை'கள்

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் கனக்கிறது. இருகன்டாவையும் அதன் ஆசிய உறவுக் கொடிகளையும் திறக்கும் விலங்குகளின் பட்டியலை எடுத்து, மனிதர்கள் அவற்றை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஒக்கினாவாவின் பழந்தின்னி வௌவால் தோட்டத்து ஆரஞ்சு வகைகளைத் தின்கிறது. பழத்தோட்டத்து வலைகளில் சிக்கிச் சாவதும் நடக்கிறது. ரியூக்கியூ பழந்தின்னி இனம் மொத்தமும் அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இருக்கிறது. ஜப்பானியக் குரங்கு வயலில் இறங்கிக் காய்கறியைப் பறிக்கிறது. பயிர்ச் சேதத்தைக் காரணம் காட்டி ஆண்டுதோறும் பல்லாயிரம் குரங்குகள் பிடித்துக் கொல்லப்படுகின்றன. தைவானின் செவ்வயிற்று அணில் நடவுக்காடுகளில் ஊசியிலை மரங்களின் பட்டையை உரிக்கிறது. வனத்துறைக்கு அது நெடுநாள் தலைவலி. புனுகுப்பூனை பழத்தோட்டத்திலும் வீட்டுக் கூரையிலும் புகுந்துவிடுகிறது. எலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

பயிர் போனவரின் வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு போகத்து உழைப்பை ஒரே காலையில் இழந்தவருக்குக் கொடியின் மகரந்தச் சேர்க்கையைப் பற்றிப் பாடம் நடத்த முடியாது. ஆனால் ஒரு விலங்கின் சேதத்தைக் கணக்கெடுப்பவர்கள் அதே விலங்கு காட்டில் செய்யும் வேலையையும் அதே தாளில் எழுத வேண்டும். பலன் தெரியாத பக்கம் எப்போதும் வெறுமையாகவே இருந்தால் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடும். நம் நாட்டிலும் பழந்தின்னி வௌவால்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலியோடும் காக்கையோடும் சேர்த்து, யார் வேண்டுமானாலும் கொல்லக்கூடிய 'தீங்குயிர்' வரிசையில் பல பத்தாண்டுகள் இருந்தன. இலுப்பையின் பூவுக்கும் இலவமரத்தின் பூவுக்கும் இரவில் வந்துபோகிறவை அவைதான்.

அணில் விஷயத்தில் இன்னொரு சிக்கல். தைவானில் கொடிக்கு உதவும் அதே செவ்வயிற்று அணில், ஜப்பானுக்கு மனிதர்கள் கொண்டுவந்து விட்ட அந்நிய உயிரினம். கியூஷூவின் உத்தோ தீபகற்பத்தில் அதை ஒழிக்கும் பணி நடந்தது. கியூஷூவின் சொந்த ஜப்பானிய அணிலோ பல்லாண்டுகளாக அங்கே உறுதியாகக் காணப்படவில்லை. அந்நிய அணில் இருகன்டாவுக்குப் பயன்படுமே, விட்டுவைக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கமாயேவில் திறப்பதற்குக் குரங்கும் மார்ட்டெனும் ஏற்கனவே இருக்கின்றன. ஒரு கொடிக்கு உதவும் என்பதற்காகப் பட்டையுரிக்கும் புதிய விலங்கைப் பல நூறு மரங்களின் மேல் ஏவுவது நியாயமாகாது. இருப்பவர்களை இருக்க விடுவதே போதும்.

கொடியின் அடியில் பார்க்க வேண்டியவை

மியூகுனா இந்தியாவுக்கு அந்நியமான பேரினம் இல்லை. இருகன்டாவே வடகிழக்கில் வளர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மியூகுனா மோனோஸ்பெர்மா, மியூகுனா அட்ரோபர்ப்பூரியா ஆகிய பெருங்கொடிகள் உண்டு. கடற்கரை ஓரங்களில் மியூகுனா ஜைகான்ட்டியா. மலபார் மலையணில், குரங்குகள், மரநாய், பழந்தின்னி வௌவால் என்று திறக்கத் தகுதியானவர்களும் அதே காடுகளில் இருக்கிறார்கள்.

ஒரு மியூகுனா கொடி தன் வேலையை முடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி வேண்டாம். பூக்கும் பருவத்தில் கொடியின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பூக்களைப் பொறுக்கிப் பாருங்கள். படகு பிளந்து மகரந்தத் தாள்கள் வெளியே வளைந்து நிற்கிறதா, படகு மூடியபடியே இருக்கிறதா? மூடிய பூக்களே அதிகம் என்றால் திறப்பவர் வரவில்லை, அல்லது போதவில்லை. பிளந்த பூக்கள் அதிகம் என்றால் யாரோ வருகிறார்கள். அந்த யாரோ யார் என்பதை இதழ்களும் கொஞ்சம் சொல்லும்: நகக்கீறல், பல் தடம், கசங்கல். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கொத்திலேயே திறந்த பூக்களைக் குறித்துவைத்தால், திறப்பு பகலில் நடக்கிறதா இரவில் நடக்கிறதா என்று தெரிந்துவிடும். பகல் என்றால் அணிலையும் குரங்கையும் தேடலாம்; இரவு என்றால் வௌவாலையும் மரநாயையும்.

அப்புறம் சில கொத்துகளில் வலைப்பை கட்டி, யாரும் தொடாமல் விட்டுப் பார்க்க வேண்டும். பைக்குள் இருக்கும் பூக்கள் திறக்காமலே உதிர்ந்து, வெளியே உள்ளவை காய்த்தால், அந்தக் கொடிக்கு விலங்கு கட்டாயம் தேவை என்பது உறுதி. பைக்குள்ளும் காய்த்தால் அது வேறு வகையான கொடி. ஒரு தானியங்கி கேமரா கிடைத்தால் கொத்துக்கு எதிரே, பூவின் மட்டத்திலேயே கட்ட வேண்டும். தரையிலிருந்து மேல்நோக்கி வைத்தால் விலங்கின் முதுகு தெரியும், கை செய்வது தெரியாது. இந்த ஆய்வில் எல்லாமே அந்தக் கையிலும் மூக்கிலும்தான் இருக்கிறது. பூனைக்காலி வகையென்றால் காய்க்கும் பருவத்தில் முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். பழைய காயின் சுணை காற்றில் பறந்தாலே போதும், அரிப்பு அன்று முழுக்க விடாது.